சித்த சுவாதீனமின்மை: மருத்துவர் சொல்வதும் நீதிமன்றம் கேட்பதும்

ஒருவர் தன் தாயைக் கொன்றுவிடுகிறார். கொன்ற பின் தப்பியோடாமல் அவரே காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்து, என் தாயைப் போல உருமாறி வீட்டுக்குள் வந்திருந்தவளைக் கொன்றுவிட்டேன், உண்மையான என் தாயை எங்கே அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள் என்கிறார். இது கற்பனையான வழக்குதான்; ஆனால் அவரிடம் காணப்படும் நம்பிக்கை கற்பனையன்று. நெருங்கிய உறவினர் ஒருவரின் இடத்தில் அதே உருவம் கொண்ட போலி ஒருவர் அமர்ந்துவிட்டதாக நோயாளி உறுதியாக நம்பும் நிலையைப் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிரா 1923இல் விவரித்தார். அந்த நிலை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இவரைச் சந்திக்கும் எந்த மனநல மருத்துவருக்கும் இவர் கடுமையாக நோயுற்றிருக்கிறார் என்பதில் ஐயம் எழாது. அப்படியானால் வழக்கு அங்கேயே முடிந்துவிட வேண்டும் என்றுதான் முதன்முறை கேட்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அங்குதான் வழக்கு தொடங்குகிறது. மருத்துவர் விடை சொல்லப் பழகியிருக்கும் கேள்வி, இவருக்கு என்ன நோய், அதற்கு என்ன சிகிச்சை என்பது. நீதிமன்றம் கேட்கும் கேள்வியோ, அந்தச் செயலைச் செய்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்றும் அது தவறென்றும் இவர் அறிந்திருந்தாரா என்பது. முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்விக்கு உதவலாம், அதற்கு விடையாகிவிடாது. குற்ற வழக்குகளில் மனநலச் சான்று தொடர்பாக எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

குற்றவியல் சட்டம் பொதுவாக ஒரு செயலை மட்டும் பார்த்துத் தண்டிப்பதில்லை. செயலோடு குற்ற மனமும் சேர வேண்டும். ஒருவர் தவறி விழுந்து இன்னொருவர் மீது மோதுவதற்கும், திட்டமிட்டுத் தள்ளிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு மனத்தில்தான் இருக்கிறது. சிறு குழந்தைகளின் செயல் குற்றமாகக் கருதப்படாததும் இதே காரணத்தால்தான். சித்த சுவாதீனமின்மை என்னும் எதிர்வாதம் இந்த அடிப்படையின் மீது நிற்கிறது. அதை முன்வைப்பவர் செயலை மறுப்பதில்லை. அந்தச் செயலுக்குத் தன்னைப் பொறுப்பாக்க முடியாது என்கிறார். ஆகவே சட்டத்தின் பார்வையில் இது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் இரக்க மனுவிலிருந்து வேறுபட்டது. குற்றமே நிகழவில்லை என்று சொல்லும் முழுமையான மறுப்பு இது.

சித்த சுவாதீனம் என்ற சொல்லையே சற்று நின்று பார்ப்பது பயன் தரும். சுவாதீனம் என்றால் தன் வசத்தில் இருப்பது. சித்தம் தன் வசத்தில் இல்லாத நிலை என்று சொல் கூறுகிறது. ஆனால் பல நாடுகளின் சட்டங்கள் அளப்பது வசத்தை அன்று, அறிவை. மனம் தன் கட்டுப்பாட்டில் இருந்ததா என்று அவை கேட்பதில்லை. மனத்துக்குத் தெரிந்திருந்ததா என்றே கேட்கின்றன. மேலும் இது மருத்துவச் சொல்லும் அன்று. எந்த மருத்துவ நூலிலும் இந்தப் பெயரில் ஒரு நோய் கிடையாது. மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனநோய் ஆகியவை மருத்துவத்தின் பெயர்கள். சித்த சுவாதீனமின்மை நீதிமன்றத்தின் முடிவு.

இந்த அறிவுச் சோதனை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு தெளிவான தொடக்கம் இருக்கிறது. 1843 ஜனவரி 20 அன்று லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவர் எட்வர்ட் டிரம்மண்ட் என்பவரைப் பின்னாலிருந்து சுட்டார். டிரம்மண்ட் பிரதமர் ராபர்ட் பீலின் தனிச் செயலாளர். அவரையே பிரதமர் என்று மக்நாட்டன் எண்ணியிருந்ததாகக் கருதப்படுகிறது. ஆளும் டோரி கட்சியினர் தன்னை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து துன்புறுத்துவதாக அவர் நீண்ட காலமாக நம்பிவந்தார். சுடப்பட்டவர் சில நாள்களில் இறந்தார். விசாரணையில் மக்நாட்டன் தரப்பு மருத்துவர்களை வரிசையாக நிறுத்தியது. அவர்களை மறுக்க அரசுத் தரப்பு ஒரு மருத்துவரையும் அழைக்கவில்லை. மக்நாட்டன் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பு வந்து, அவர் மனநோயாளர் விடுதிக்கு அனுப்பப்பட்டார். அவர் 1865இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை.

தீர்ப்பு பெரும் சீற்றத்தைக் கிளப்பியது. விக்டோரியா அரசியும் அதிருப்தி அடைந்தார். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துச் சட்டம் என்ன என்று கேட்டது. அவர்கள் தந்த விடைகளே மக்நாட்டன் விதிகள் எனப்படுகின்றன. அவற்றின் சாரம் இது: ஒவ்வொருவரும் சித்த சுவாதீனம் உள்ளவர் என்றே முதலில் கொள்ள வேண்டும், மனத்தின் நோயால் விளைந்த பகுத்தறிவுக் குறைபாட்டினால், தான் செய்யும் செயலின் தன்மையை அறியாதிருந்தார் என்றோ, அறிந்திருந்தாலும் அது தவறு என்று அறியாதிருந்தார் என்றோ காட்டினால் மட்டுமே அவர் விடுவிக்கப்படலாம். இந்த விதிகளை அன்று மக்நாட்டனுக்கே கண்டிப்பாகப் பொருத்தியிருந்தால் அவர் தப்பியிருப்பது கடினம். மனிதனைச் சுடுகிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இந்த விதிகளின் வழி வந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலும் அதே சோதனை தொடர்கிறது.

இப்போது தாயைக் கொன்றவரிடம் திரும்புவோம். செயலின் தன்மையை அவர் அறிந்தாரா? ஓர் உயிரைக் கொல்கிறோம் என்று அறிந்தார். யாருடைய உயிர் என்பதில்தான் முற்றிலும் பிழைபட்டார். பாம்பு என்று எண்ணி ஒருவரின் கையை வெட்டுபவரின் நிலை வேறு, இவருடையது வேறு. ஆகவே வழக்கின் சுமை முழுவதும் இரண்டாவது கிளை மீது விழுகிறது: தவறென்று அறிந்தாரா? இங்கே தவறு என்ற ஒரு சொல் சட்ட அறிஞர்களைப் பல தலைமுறைகளாக வருத்திவந்திருக்கிறது. சட்டப்படி தவறா, அறப்படி தவறா? இங்கிலாந்தில் 1952இல் விண்டில் என்பவரின் வழக்கில், தற்கொலை எண்ணம் கொண்டிருந்த தன் மனைவிக்கு அளவுக்கு மிஞ்சிய ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கொடுத்துக் கொன்ற அவர், இதற்காக என்னைத் தூக்கிலிடுவார்கள் என்ற பொருள்படக் காவல்துறையிடம் சொன்னார். சட்டம் தண்டிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் எதிர்வாதம் தோற்றது; தவறு என்பது சட்டப்படியான தவறே என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மனிதர்கள் பொதுவாகத் தவறென்று கருதுவதை உணர முடியாதிருந்தாலே போதும் என்று நேர்மாறான முடிவுக்கு வந்தது. மொழியில் ஒரே சொல், ஒரே ஆண்டு, இரு வேறு விதிகள்.

மக்நாட்டன் விதிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவர் ஒரு பொய்யான நம்பிக்கையின் பிடியில் செயல்பட்டால், அந்த நம்பிக்கை மெய்யாக இருந்திருந்தால் அவர் செயல் நியாயமாகுமா என்று பார்க்க வேண்டும் என நீதிபதிகள் கூறினார்கள். போலித் தாய் அந்தக் கணத்தில் தன்னைக் கொல்ல வருகிறாள் என்று நம்பித் தாக்கியிருந்தால், அது தற்காப்பாகக் கொள்ளப்படலாம். அவள் தன்னை ஏமாற்றினாள் என்ற கோபத்தில் கொன்றிருந்தால், ஏமாற்றியவளைக் கொல்லும் உரிமை நலமுள்ள எவருக்கும் இல்லை என்பதால் எதிர்வாதம் நிற்காது. நோயுற்ற மனம் தன் நம்பிக்கையின் ஒரு மூலையில் மட்டும் பிழைபட்டு, மற்ற இடங்களிலெல்லாம் வழக்கறிஞரைப் போல ஒழுங்காகச் சிந்திக்கும் என்று இந்த விதி எதிர்பார்க்கிறது. நோயாளிகளோடு பழகியவர்கள் இதை ஏற்பது கடினம். நோய் ஒரு நம்பிக்கையை மட்டும் தொட்டுவிட்டு விலகிக்கொள்வதில்லை. அச்சத்தையும் ஆத்திரத்தையும் எடைபோடும் திறனையே அது குலைக்கிறது.

அறிவை மட்டும் அளப்பது போதாது என்று உணர்ந்தவர்கள் வேறு வழிகளையும் முயன்றார்கள். 1954இல் வாஷிங்டனில் நீதிபதி டேவிட் பேசலோன், செயல் மனநோயின் விளைவாக இருந்தால் குற்றப் பொறுப்பில்லை என்ற விரிவான விதியைத் தந்தார். மனிதாபிமானம் மிக்க நோக்கம்தான். ஆனால் எது மனநோய் என்பதை மருத்துவர்களே வகுத்ததால், தீர்ப்பு அவர்களின் பெயரிடுதலைச் சார்ந்ததாகிவிட்டது. 1957இல் ஒரு வழக்கில், சமூக விரோத ஆளுமை என்பது மனநோய் ஆகாது என்று வெள்ளிக்கிழமை சாட்சியம் சொல்லப்பட்டது. அந்த வார இறுதியில் மருத்துவமனை தன் வகைப்பாட்டை மாற்றிக்கொண்டது. திங்கள்கிழமை அதுவே மனநோய் என்றாகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் மனத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை. 1972இல் அந்த விதி கைவிடப்பட்டது. மாதிரித் தண்டனைச் சட்டம் என்ற பெயரில் 1962இல் அமெரிக்காவில் வரையப்பட்ட சோதனை, தவறை உணரும் திறனோடு தன் நடத்தையைச் சட்டத்துக்கு இணங்க அமைத்துக்கொள்ளும் திறனையும் கேட்டது. சுவாதீனம் என்ற சொல்லுக்கு நெருங்கி வந்த சோதனை அது. ஆனால் 1981இல் அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி அடுத்த ஆண்டு அந்தச் சோதனையின்படி விடுவிக்கப்பட்டதும் எதிர்ப்பு மூண்டது. 1984இல் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இயற்றப்பட்ட சட்டம் கட்டுப்பாட்டுப் பகுதியை நீக்கியது. நிரூபிக்கும் பொறுப்பையும் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே ஏற்றியது. ஸ்வீடன் 1965 முதலே இந்த எதிர்வாதத்தை விட்டுவிட்டு, குற்றவாளி என்று தீர்ப்பளித்த பின் மனநலச் சிகிச்சைக்கு அனுப்பும் வழியைத் தேர்ந்தது.

சட்டம் எதைக் கேட்டாலும், அதற்கு மனநல மருத்துவர் எவ்வாறு விடை தேடுகிறார் என்பது தனிக் கதை. அவர் ஒருவரைப் பரிசோதிப்பது செயல் நிகழ்ந்து பல வாரங்களோ மாதங்களோ கழித்து. அதற்குள் சிறை மருத்துவர் மருந்து கொடுத்திருக்கலாம், தூக்கம் திரும்பியிருக்கலாம், மாயக்குரல்கள் அடங்கியிருக்கலாம். எதிரே அமைதியாக உட்கார்ந்து பேசும் மனிதரிடமிருந்து, அன்று அந்த நேரத்தில் இருந்த மனிதரை மருத்துவர் மீட்டெடுக்க வேண்டும். உடலில் பட்ட காயத்துக்குத் தழும்பு உண்டு. கடந்துபோன மனநிலைக்கு அத்தகைய தழும்பு இல்லை; மூளையை எவ்வளவு நுட்பமாகப் படமெடுத்தாலும், மூன்று மாதங்களுக்கு முன் ஒருவர் எதை அறிந்திருந்தார் என்பதை அந்தப் படம் காட்டாது.

ஆகவே அவர் சுற்றுவழியில் செல்கிறார். பழைய மருத்துவக் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், குடும்பத்தினரும் உடன் வேலை செய்பவர்களும் சொல்லும் தகவல்கள், செயலுக்கு முந்தைய நாள்களில் எழுதிய கடிதங்களும் அனுப்பிய செய்திகளும், கைது செய்த காவலர் முதலில் கேட்ட சொற்கள் என அனைத்தையும் சேர்க்கிறார். செயலுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் இருந்த நடத்தைக்குத் தனி எடை உண்டு. ஆயுதத்தை மறைத்தல், கறையைக் கழுவுதல், பொய்க்காரணம் சொல்லுதல் ஆகியவை தவறு என்ற அறிவு இருந்ததைக் காட்டும் அடையாளங்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. இங்கும் எச்சரிக்கை வேண்டும். நம் வழக்கில் உள்ளவர், போலிகளின் கூட்டம் தன்னைத் தேடி வரும் என்று அஞ்சி ஓடி ஒளிந்திருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காவல்துறைக்கு அஞ்சிய ஓட்டமாகவே தெரிந்திருக்கும்.

நடிக்கிறார் என்ற ஐயத்தையும் மருத்துவர் சோதித்தாக வேண்டும். இது பொதுமக்கள் எண்ணுவதைப் போல அவ்வளவு எளிதாக ஏமாற்றக்கூடியது அன்று. நடிப்பவர்கள் பெரும்பாலும் கண்ணைக் கவரும் அறிகுறிகளை மிகுதியாகச் சொல்வார்கள்: ஓயாத குரல்கள், விநோதக் காட்சிகள், திடீரென்று ஒரே நாளில் தொடங்கிய பைத்தியம். உண்மையான நோயோ பல மாதங்களாக மெல்ல ஊறிவருகிறது. முகபாவம் வறண்டுபோதல், பேச்சின் இணைப்பு அறுந்துபோதல், குளிப்பதையும் உண்பதையும் கைவிடுதல் ஆகியவற்றை நாள்கணக்கில் நடித்துக்காட்டுவது மிகக் கடினம். பல நாள்கள் உள்நோயாளியாக வைத்துச் செவிலியர்கள் இரவும் பகலும் கவனிப்பதற்கு இது ஒரு காரணம். மிகைப்படுத்தலைக் கண்டறிவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கேள்வித் தொகுப்புகளும் உண்டு. நோய் உள்ளவரே கூடுதலாக நடிப்பதும், நோயாளி தன் நோயை மறைத்து நலமாக இருப்பதாக நடிப்பதும்கூட நிகழ்கின்றன. பின்னது பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது.

நீதிமன்றத்துக்காகப் பரிசோதிக்கும் மருத்துவர் சிகிச்சை தரும் மருத்துவர் அல்லர் என்பதைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் மனத்தைத் திறந்துவிடும் நோயாளியின் சொற்கள் அவருக்கு எதிராகவே பயன்படக்கூடும். 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேசாமலிருக்கும் உரிமை பற்றி எச்சரிக்காமல் மருத்துவர் பெற்ற வாக்குமூலத்தை மரண தண்டனை கோருவதற்குப் பயன்படுத்தியது தவறு என்று கூறியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், மனநிலை முக்கியப் பிரச்சினையாக உள்ள வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் வசதியற்றவரானால் அவருக்கு அரசே மனநல நிபுணரின் உதவியை அளிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

நிபுணர்கள் முரண்பட்டால் என்ன ஆகும்? 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்ற ஆண்டர்ஸ் பிரெய்விக்கின் வழக்கை நார்வே எதிர்கொண்டபோது, நீதிமன்றம் நியமித்த முதல் இரு மருத்துவர்கள் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றனர். அடுத்து நியமிக்கப்பட்ட இருவர் அவர் செயலின்போது அந்த நிலையில் இல்லை என்றனர். அன்றைய நார்வேச் சட்டத்தில் இந்த முரண்பாடு எல்லாவற்றையும் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. செயலின்போது ஒருவர் மனநோயின் கடும் நிலையில் இருந்தார் என்றாலே அவரைத் தண்டிக்க முடியாது. நோய்க்கும் செயலுக்கும் தொடர்பு காட்ட வேண்டியதில்லை. அரசுத் தரப்பு மருத்துவமனையைக் கோரியது; பிரெய்விக்கோ தன்னை நலமுள்ளவர் என்று தீர்ப்பளிக்கக் கோரினார், தன் கொள்கை நோய் என்று தள்ளப்படுவதை அவர் விரும்பவில்லை. 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பொறுப்புள்ளவர் என்றே முடிவு செய்து, நீட்டிக்கத்தக்க 21 ஆண்டுத் தடுப்புக் காவலை விதித்தது. ஒரே மனிதர், ஒரே பேச்சு. ஒரு தரப்பு நோயைக் கண்டது, மறுதரப்பு தீவிரவாதத்தைக் கண்டது.

நிபுணரின் ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு டெக்சாஸில் ஆண்ட்ரியா யேட்ஸின் வழக்கு துயரமான சான்று. 2001இல் தன் ஐந்து குழந்தைகளையும் நீரில் மூழ்கடித்துக் கொன்ற அந்தத் தாய் மகப்பேற்றுக்குப் பின் வந்த கடும் மனநோயால் துன்புற்றவர். குழந்தைகளை நரகத்திலிருந்து காப்பதாக நம்பியவர். அவர் நோயுற்றவர் என்பதை இரு தரப்பும் மறுக்கவில்லை. தவறென்று அறிந்தாரா என்பதே கேள்வி. 2002இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆனால் அரசுத் தரப்பு நிபுணர், இதே போன்ற கதை சிறிது காலத்துக்கு முன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்ததாகச் சாட்சியம் சொல்லியிருந்தார். அப்படி ஒரு பகுதி எடுக்கப்படவே இல்லை என்று பின்னர் தெரியவந்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2006இல் நடந்த மறுவிசாரணையில் அவர் சித்த சுவாதீனமின்மையால் குற்றவாளி அல்லர் என்று முடிவானது.

இத்தகைய அனுபவங்களால்தான் பல நீதிமன்றங்கள் மருத்துவரின் எல்லையைக் கோடிட்டு வைத்திருக்கின்றன. நோய் என்ன, அது சிந்தனையை எவ்வாறு பாதிக்கும், இந்த மனிதரிடம் எந்த அளவுக்குப் பாதித்திருந்தது என்பது வரை அவர் சொல்லலாம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, இவருக்குக் குற்ற மனம் இருந்தது அல்லது இல்லை என்ற இறுதி வாக்கியத்தை அவர் சொல்லக்கூடாது. இந்தியாவிலும், நிபுணர் கருத்து நீதிபதிக்கு உதவும் சான்றுதானே ஒழிய அவரைக் கட்டுப்படுத்தும் முடிவு அன்று. நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரைச் சேர்ந்தது என்றாலும், அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, பெரிதும் சாத்தியமானது என்று காட்டினால் போதும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் தெளிவுபடுத்தியது. அந்த அளவை எட்டாவிட்டாலும், அவர் தரும் சான்று குற்ற மனம் இருந்ததா என்பதிலேயே நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பயன் அவருக்குக் கிடைக்கும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

இதனோடு அடிக்கடி கலக்கப்படும் வேறு இரண்டை விலக்கிவைக்க வேண்டும். விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி என்பது இன்றைய மனநிலை பற்றியது: வழக்கைப் புரிந்துகொண்டு வழக்கறிஞருக்கு விவரம் சொல்ல இயலுமா என்பதே அங்கு கேள்வி, இயலாவிட்டால் விசாரணை தள்ளிவைக்கப்படும். குறைந்த பொறுப்பு என்பது இங்கிலாந்தில் 1957இல் சட்டமான பகுதி எதிர்வாதம். அது கொலைக் குற்றத்தை அதற்கடுத்த நிலைக்குக் குறைக்குமே தவிர விடுவிக்காது.

விடுவிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்ற எண்ணம்தான் இந்த எதிர்வாதத்தின் மீது பொதுமக்களுக்கு உள்ள கோபத்துக்கு முதன்மைக் காரணம். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறு. ஒரு மேலாடையைத் திருட முயன்றதாக வழக்குத் தொடரப்பட்டு, அதிகபட்சம் ஓர் ஆண்டே தண்டனை பெற்றிருக்கக்கூடிய ஒருவர், இந்த எதிர்வாதத்தால் விடுவிக்கப்பட்ட பின் அதைவிட நீண்ட காலம் மருத்துவமனையில் வைக்கப்பட்டது செல்லும் என்று 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஹிங்க்லி மருத்துவமனையிலிருந்து வெளியே வாழ அனுமதிக்கப்பட்டது 2016இல். எல்லா நிபந்தனைகளும் நீங்கியது 2022இல். எதிர்வாதமும் அரிதாகவே எழுப்பப்படுகிறது. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வில், கடுங்குற்ற வழக்குகளில் ஏறத்தாழ 100இல் ஒன்றில் மட்டுமே அது முன்வைக்கப்பட்டது. அவற்றிலும் சுமார் நான்கில் ஒன்றே வென்றது.

நம் வழக்கில் உள்ளவர் வென்றார் என்றே கொள்வோம். அவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். மருந்துகள் பலன் தருகின்றன. சில மாதங்களில் போலி என்ற நம்பிக்கை தளர்கிறது, பிறகு ஒருநாள் இல்லாமலே போகிறது. கொல்லப்பட்டவர் யார் என்பதை அவர் அன்றுதான் முதன்முறையாக அறிகிறார். அதன் பிறகு அவருக்கு வரும் துயரமும், தன்னையே முடித்துக்கொள்ளும் ஆபத்தும் அவருடைய மருத்துவர்களின் அடுத்த பணி. அவரை வெளியே விடலாமா என்று ஆராயும் குழு அவர்களிடம் மீண்டும் சான்று கேட்கும். இந்த முறை கேள்வி, இனி அவர் என்ன செய்வார் என்பது.